தொட்டியில் ஒரு முருகைக்கற் கடல்

1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டோர்க்கீ என்ற கடற்கரையூரிலிருந்து சில முருகை உயிர்களைச் சாடி ஒன்றில் இட்டு இலண்டனுக்குக் கொண்டு வந்தார். கடலோ தொலைவில் இருந்தது. கையிலிருந்த கடல்நீரோ மிகச் சொற்பம். அவ்வுயிர்கள் மூச்சடைத்து மடியாதிருக்கும்பொருட்டு, திறந்த சாளரத்தருகே நின்று, தேநீர் ஆற்றுவது போல அந்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றுவது அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் நாளாந்த வேலையாயிற்று. மறு ஆண்டில் அம்மையார் கடற்பாசியையும் அதே நீரில் வளர்க்கத் தொடங்கினார். வீட்டுக்குள் கடலை வளர்க்கும் முயற்சியின் தொடக்கங்களுள் இஃது ஒன்று.

அன்று பணிப்பெண்ணின் கைகள் செய்த வேலையை இன்று மின்பம்பி செய்கிறது. கண்ணாடித் தொட்டியும் விளக்கும் உப்புப் பொதியும் கடையிற் கிடைக்கின்றன. ஆயினும், பெரிய தொட்டி அமைப்போர் பலர் முதல் மாதத்திலேயே மீன்களைப் பறிகொடுக்கின்றனர். காரணம் யாது? தொட்டியில் முதலிற் குடியேற வேண்டியவை மீன்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியங்களே.

மீனின் கழிவிலிருந்தும் உண்ணாது கிடக்கும் இரையிலிருந்தும் அமோனியா பிறக்கின்றது. அது மீனின் செவுள்களை அரிக்கும் நஞ்சு. ஒருவகைப் பற்றீரியம் இதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் உருசிய விஞ்ஞானி வினோகிராட்சுகி. அவர் ஆராய்ந்தது மண்ணை. மீன்தொட்டி வளர்ப்போர் அதன் பயனை உணர நெடுங்காலம் சென்றது.

யக்கார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் பெரிதும் பேசப்பட்டது. கடலிலிருந்து உயிரோடு எடுத்த கற்களையும் கடல்நீரையும் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மாத்திரம் செலுத்தி, முருகைகளையும் மீன்களையும் ஒருங்கே வளர்க்கும் முறையை அவர் விளக்கினார். அக்கற்களின் நுண்துளைகளே பற்றீரியங்களின் வீடு. இன்று கடற்கல்லைப் பெயர்ப்பது முறையன்று. இலங்கையில் அதைச் சட்டமும் தடுக்கின்றது. சுண்ணாம்புச் சூளைகளுக்காக நம் கரைகள் இழந்த முருகைக்கற்கள் போதும். உலர்ந்த துளைக்கல்லை இட்டு, பற்றீரியங்களைப் பெருகவிடுவதே இப்போதைய வழி.

இரண்டு மீற்றர் நீளம், அறுபது சதமமீற்றர் அகலம், ஐம்பது சதமமீற்றர் நீருயரம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 600 லீற்றர் நீர் கொள்ளும். லீற்றருக்கு 35 கிராம் வீதம் 21 கிலோகிராம் கடலுப்புக் கலவை வேண்டும். நீர் மாத்திரமே 600 கிலோகிராமுக்கு மேற்படும்; கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் நிலத்தின் வலிமையை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். நீரும் எதுவாயினும் ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல கிணறுகளில் உரத்தினால் ஏறிய நைத்திரேற்று இருக்கின்றது. குழாய்நீரில் குளோரீன் இருக்கும். மென்சவ்வின் ஊடாக அழுத்திச் சுத்திகரித்த நீரே உகந்தது.

நீரும் கல்லும் இட்டு, பம்பியை ஓடவிட்டபின், சிறிதளவு இறால் துண்டை இட்டு அழுகவிடுவார்கள். முன்னர் இவ்வேலைக்கு வலிய மீன் ஒன்றை விட்டு, அது தப்புமா சாகுமா என்று பார்ப்பது வழக்கமாயிருந்தது. அக்கொடுமைக்கு இன்று தேவையில்லை. நாள்தோறும் நீரைச் சோதித்தால் அமோனியா ஏறுவதும், அது தணிய நைத்திரைற்று ஏறுவதும், பின் அதுவும் மறைவதும் தெரியும். நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை இதற்குச் செல்லும். சிலவேளை கூடவும் ஆகலாம். அதற்கிடையில் கண்ணாடி முழுவதும் கபிலநிறப் படலம் பூக்கும். அதைக் கண்டு அஞ்சி நீரை முற்றாகக் கொட்டுவோரும் உளர். ஆறு வார உழைப்பும் வீண்.

பெரிய தொட்டி இவ்விடத்திற் கைகொடுக்கின்றது. சிறு தொட்டியில் ஒரு மீன் இறந்தால் அன்றிரவே நீர் நஞ்சாகலாம். 600 லீற்றரில் அவ்வளவு விரைவில் ஆகாது. வெப்பமும் மெல்லவே மாறும். அவுத்திரேலியாவின் தவுன்சுவில் நகரில் 1987இல் திறக்கப்பட்ட முருகைத் தொட்டி ஏறக்குறைய 25 இலட்சம் லீற்றர் கொண்டதாயிருந்தது; அங்கும் உயிர்களின் கழிவை மாற்றும் வேலை நுண்ணுயிர்களுக்கும் பாசிக்குமே உரியதாயிருந்தது.

நம் நாட்டின் வெக்கையில் தொட்டியைச் சூடாக்குவதன்று, குளிர்விப்பதே வேலை. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஓரிரு பாகை வெப்பம் வாரக்கணக்கில் நீடித்தால், முருகை தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளிறிவிடும். 1998இல் இக்கடுவைப் பாறைகளில் கண்டதும் அதுவே. நீர்ப்பரப்பின் மேல் ஒரு விசிறியைச் சுழலவிடின் வெப்பம் குறையும். ஆனால் நீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மாத்திரமே, உப்பு எஞ்சும். ஆதலால் குறைவதை நன்னீரால் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருப்பவர் வீட்டில் ஆனையிறவு உப்பளத்தையே அமைத்துவிடுவார்.

நைத்திரைற்று மறைந்தபின் சில நத்தைகள், அவற்றின் பின் மென்முருகை. கல்முருகைக்குச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். முதல் மீன் ஒன்றே ஒன்று. அதனை மாலையில், விளக்கை அணைத்து, பையிலுள்ள நீரோடு தொட்டி நீரைத் துளித்துளியாகக் கலந்து பழக்கியபின் விடுவர். இரண்டாவது மீன் இரண்டு வாரம் கழித்தே வரும்.