நாற்பதுக்குப் பிறகு ஓர் ஓட்டப் பருவம்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, கொலஸ்ரரோல், இரத்த அழுத்தம் என்று பட்டியல் வாசிப்பார் என எதிர்பார்ப்பீர்கள். அதில் கொஞ்சம் பின்னால் வரும். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது ஓட்டத்தைப் பற்றி. 'நாங்கள்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இது ஐந்து பேருடைய கதை. ஐவரும் இந்தக் கல்லூரியில் ஒரே வகுப்பு. இருவர் வைத்தியர், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி வங்கியில் வேலை. ஐந்தாமவள் லண்டனில் கணக்காளர். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

ஓட்டத்துக்கென்று இங்கே ஒரு பருவம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தைப்பொங்கல் முடிய இல்லக் கூட்டம், பெயர் பதிவு, வீதியில் மரதன், தெரிவுப் போட்டிகள், பிறகு அணிநடைப் பயிற்சி, இல்ல அலங்காரம், இறுதிநாள். எங்கள் பாடசாலைகளில் ஐந்து கிலோமீற்றரையும் 'மரதன்' என்றுதான் சொல்வோம். உண்மையான மரதனின் 42.195 கிலோமீற்றரை ஓடப் பழகிய பிறகு எங்கள் லண்டன்காரிக்கு இதை நினைத்தாலே சிரிப்பு. சாதாரண தரப் பரீட்சை வந்தது, ரியூசன் வந்தது, பருவம் முடிந்தது. பதினாறு வயதில் ஓட்டத்தை விட்டவர்களில் எத்தனை பேர் பிறகு ஒருநாளாவது ஓடினோம்? பஸ்ஸுக்காக ஓடியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எங்களைத் திரும்ப ஓட வைத்தது ஒரு இரத்தப் பரிசோதனைத் துண்டு. எங்களில் ஒருத்திக்குக் கர்ப்ப காலத்தில் நீரிழிவு இருந்தது. குழந்தை பிறந்ததும் சீனி இறங்கிவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். கர்ப்ப கால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். இது இந்த மண்டபத்தில் பலருக்குப் பொருந்தும் செய்தி. பிள்ளை பெற்ற வைத்தியசாலையில் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணின் காதில் அப்போது எது ஏறும்? பத்து வருடங்களுக்குப் பிறகு அவளுடைய சீனி எல்லைக்கோட்டில் நின்றது. மருந்து தொடங்குவதற்கு முன் நான்கு மாதம் தரும்படி கேட்டாள். தையில் தொடங்கிச் சித்திரையில் மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று. தனியே ஓட வெட்கம் என்றாள். அதனால் நால்வர். வட்ஸ்அப்பில் இதைக் கேள்விப்பட்ட லண்டன்காரி, சித்திரையில் தனக்கும் ஓர் ஓட்டம் இருக்கிறது, அந்த நகரத்து மரதனில் இடம் கிடைத்திருக்கிறது என்றாள். அதனால் ஐவர்.

முதல் வாரத்துத் திட்டம் பார்த்தால் சிரிப்பீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். வேகத்துக்கு ஒரே அளவுகோல் வைத்திருந்தோம்: ஓடிக்கொண்டே கதைக்க முடிய வேண்டும். வாய் மூடினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். எங்கள் வகுப்பை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்த அளவுகோல் எங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. மாசிக் கடைசியில் நிற்காமல் ஐந்து கிலோமீற்றர் ஓடினோம். பங்குனியில் ஞாயிறு ஓட்டம் பன்னிரண்டுக்கு வந்தது.

தை மாதம் இங்கே ஓடுவதற்குச் சொர்க்கம். வாடைக்காற்று, மெல்லிய பனி. முனியப்பர் கோவிலடியில் தொடங்கி, கோட்டையைச் சுற்றி, பண்ணை வீதியால் மண்டைதீவுச் சந்திப் பக்கம் போவோம். இரண்டு பக்கமும் களங்கண்டித் தடிகள், சில நாட்களில் தூரத்தில் பூநாரைகள். பங்குனி பிறந்ததும் எல்லாம் மாறியது. விடிய முன்னரே உடம்பு நனைந்துவிடும். வெப்பத்துக்கு உடல் பழகப் பத்துப் பதினான்கு நாட்கள் எடுக்கும். அந்த நாட்களில் வேகத்தைக் குறைக்க வேண்டுமே தவிர வீட்டில் படுக்கக் கூடாது. லண்டன் மரதன் வரலாற்றில் மிகச் சூடான நாள் என்று பதிவாகியிருப்பது 2018ஆம் ஆண்டு, 24.1 பாகை. சித்திரையில் எங்கள் விடியற்காலையே அதைவிடச் சூடு என்று எழுதி அனுப்பினோம். அவள் பதிலுக்குத் தன் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள்.

ஊர் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் நாற்பது வயதுப் பெண் வீதியில் ஓடினால் ஒரே ஒரு பொருள்தான்: யாருக்கோ ஆபத்து. முதல் கிழமை ஒரு ஐயா சைக்கிளை நிறுத்தி, "என்ன பிள்ளை, ஆருக்கேனும் ஏதும் நடந்திட்டுதோ?" என்று உண்மையாகவே பதறினார். "ஒண்டுமில்லை ஐயா, சும்மாதான் ஓடுறம்" என்றோம். அந்த 'சும்மா' அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் கிழமை அவரே கையசைத்தார். மோட்டார் சைக்கிளில் போகும் சிலர் சொன்னவற்றை இந்த மேடையில் சொல்ல முடியாது. கட்டாக்காலி நாய்கள் இன்னொரு தொல்லை. நாய்க்கு முன் ஓடக் கூடாது, நின்று, திரும்பிப் பார்த்து, நடக்க வேண்டும். கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். ஒரு தடியும் கொண்டு போனோம்.

ஒரு ஞாயிறு பாதையை மாற்றி அரியாலை வழியாகக் கண்டி வீதியில் நாவற்குழிப் பாலம் வரை போனோம். 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அன்றைக்கு நாங்கள் நால்வரும், தத்தம் குடும்பத்தோடு, ஒருவரை ஒருவர் காணாமல், அந்தப் பாலத்தில் நெருக்குண்டு நின்றவர்கள். பாலத்தைத் தாண்டியதும் ஒருத்தி நின்றாள். கால் வலிக்கிறது என்றாள். யாரும் கேள்வி கேட்கவில்லை. கைதடிப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது அவள்தான் முன்னால் ஓடினாள்.

இனி வைத்தியர் என்ற முறையில் சில விடயங்கள். ஆண்கள் இருக்கும் கூட்டங்களில் இவற்றைச் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஓடும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்பதற்காக எத்தனையோ பெண்கள் உடற்பயிற்சியை விடுகிறார்கள். காரணத்தை வீட்டிலும் சொல்வதில்லை, கிளினிக்கிலும் சொல்வதில்லை. எங்கள் ஐவரில் இருவருக்கு இது இருந்தது. இது பிள்ளை பெற்றதற்கான தண்டனை அல்ல. இடுப்புத் தளத்துத் தசைகள் தளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நாள்தோறும் மூன்று மாதமாவது செய்தால் பெரும்பாலானோருக்குக் குணம் தெரியும். இயன்மருத்துவர் சரியாகச் சொல்லித் தருவார். கேளுங்கள்.

மாதவிடாய் அதிகமாகப் போகும் வயதும் இதுதான். களைப்பை 'வயசு போகுது' என்று தள்ளிவிடாமல் ஹீமோகுளோபினைப் பாருங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பு வேகமாக மெலியும். அதற்கு ஓட்டம் உதவும், பாரம் தூக்குவது இன்னும் உதவும். இன்சுலின் அல்லது சீனி இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள், நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர்கள், தொடங்க முன்னர் உங்கள் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

உடுப்பைப் பற்றியும் ஒன்று. ஓடும் பெண்களுக்கான மார்புக்கச்சை 1977இல்தான் உருவானது. அமெரிக்காவின் வெர்மொண்டில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது அணியும் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். மனிதன் சந்திரனில் நடந்து எட்டு வருடங்களுக்குப் பிறகு! எங்களுக்கு வேண்டியவை லண்டனிலிருந்து ஒரு பொதியில் வந்தன.

பெண்ணுடம்பு தூரம் ஓடத் தாங்காது என்ற கதை எங்கள் ஊர்க்கதை மட்டுமல்ல. 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீற்றர் ஓடினார்கள். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். பத்திரிகைகளோ பாதிப்பேர் விழுந்து கிடந்ததாக எழுதின. அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று. பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984இல்தான் வந்தது. நாங்கள் அப்போது பாலர் வகுப்புக்கும் போகாத பிள்ளைகள்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஓர் ஊர் விளையாட்டுக் கழகம் மரதன் நடத்தியது. எட்டுக் கிலோமீற்றர், 'திறந்த போட்டி' என்று துண்டுப்பிரசுரம். பதியப் போனோம். பொறுப்பான தம்பிமார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அன்ரி, வெயில் ஏறிடும், கஷ்டமா இருக்கும்" என்றார் ஒருவர். "அப்ப விடிய ஆறு மணிக்கே தொடங்குங்கோ தம்பி, எல்லாருக்கும் நல்லது" என்றோம். ஆச்சரியம், அப்படியே செய்தார்கள். முதல் இரண்டு கிலோமீற்றருக்குள் பெடியன்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். ஐந்தாவது கிலோமீற்றரில் அவர்களில் சிலரை மதிலோரம் நடக்கக் கண்டோம். முந்தினோம். அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒலிபெருக்கியில் "குடும்பத் தலைவிகள் நால்வர் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று அறிவித்தார்கள். எங்களில் ஒருத்திக்குக் கலியாணமே ஆகவில்லை. முதலாவதாக வந்தவளுக்கு 53 நிமிடம், கடைசியாக வந்தவளுக்கு ஒரு மணித்தியாலம் நான்கு நிமிடம். பெண்களுக்குப் பரிசு ஒதுக்கப்படவில்லையாம். ஆளுக்கொரு பிளாஸ்ரிக் வாளி தந்தார்கள். வாளி நல்ல வாளி.

கடைசியாக வந்தவள் யார் தெரியுமா? தை மாதம் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு வந்தவள். அடுத்த கிழமை சீனி பார்த்தோம். எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மருந்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். சோற்றைக் குறைத்துக் குரக்கன் பிட்டுக்கும் மாறியிருந்தாள், எல்லாப் பெருமையும் ஓட்டத்துக்கு இல்லை.

லண்டன்காரி கிறீன்விச்சில் தொடங்கி, ரவர் பாலத்தைக் கடந்து, ஐந்து மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடத்தில் ஓடி முடித்தாள். பாதி வழியில் பாலத்தில் சனம் கத்திய சத்தத்தைக் குரல்பதிவாக அனுப்பியிருந்தாள். அவளுக்குக் கிடைத்தது வெளிச்சமுள்ள வீதி, நாயில்லாத பூங்கா, பெயர் சொல்லி உற்சாகப்படுத்தும் அந்நியர்கள். அவற்றை இங்கே ஒரே நாளில் கொண்டுவர முடியாது. ஆனால் சிலவற்றை நாங்களே செய்யலாம், அதற்காகத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறோம்.

எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒவ்வொரு வருடமும் 'பழைய மாணவிகள் நிகழ்ச்சி' என்று ஒன்று இருக்கிறது. சங்கீதக் கதிரை, இல்லாவிட்டால் தேசிக்காய்க் கரண்டி. சேலையைச் செருகிக்கொண்டு நாங்களும் கதிரைக்கு அடிபட்டிருக்கிறோம், சந்தோசம்தான். ஆனால் மைதானத்தைச் சுற்றி நிற்கும் மாணவிகள் அந்த ஐந்து நிமிடத்தில் தங்கள் நாற்பது வயதை எப்படிக் காண்கிறார்கள்? 2023இல் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றரிலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். வடக்குப் பெண்ணுக்கு ஏலாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதிபர் அவர்களிடம் எங்கள் கோரிக்கை: அடுத்த வருடப் போட்டியில் சங்கீதக் கதிரை இருக்கட்டும். அதோடு பழைய மாணவிகளுக்கு ஒரு 1500 மீற்றர் ஓட்டமும் வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்கு மேல் என இரண்டு பிரிவு. நடந்து முடிப்பவர்களுக்கும் இடம். நேரத்தைக் குறித்துக் கல்லூரியின் சாதனைப் புத்தகத்தில் மாணவிகளின் பெயர்களுக்குக் கீழே எழுத வேண்டும். செலவு ஒரு நேரமானி, ஒரு பேனை. கிண்ணத்தை எங்கள் வகுப்பு தருகிறது.

அதற்குள் பழக விரும்புகிறவர்கள் ஞாயிறு விடிய ஐந்தேகாலுக்கு முனியப்பர் கோவிலடிக்கு வாருங்கள். விடுமுறையில் வந்திருக்கும் அக்காமாரும் வரலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்றுதான் தொடங்குவோம். ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவாருங்கள். தடி எங்களிடம் இருக்கிறது.