அட்டையில் ஏறிய என் பொய்

நான் நெட்டுக்குப்பம். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தாய் சேய் நலம் பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்கு நடந்ததுலேருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்ப நர்ஸம்மா சத்து மாத்திரை கொடுத்தாங்க. முழுங்கினா குமட்டும், வெளிக்கு கறுப்பாப் போகும். எங்க ஆயா வேற, "புள்ள கறுப்பாப் பொறக்கும்டி"ன்னு பயமுறுத்துச்சு. நாலஞ்சு நாள் சாப்பிட்டுட்டு மிச்சத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். "மாத்திரை சாப்பிடறியாம்மா?"ன்னு கேட்டா, "சாப்பிடறேன்மா"ன்னு சொல்லுவேன். அவங்களும் அப்படியே எழுதிக்குவாங்க.

அஞ்சாம் மாசம் ரத்த அளவு 9.6. எட்டாம் மாசம் 7.8. கர்ப்பிணிக்கு 11 இருக்கணும். மாத்திரை சாப்பிட்டும் ஏன் இறங்குதுன்னு அவங்க குழம்பி, வேற டெஸ்டுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாங்க. அப்பவும் நான் வாயைத் திறக்கலை. பிரசவத்துல ரத்தம் நிக்கவே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு என் வீட்டுக்காரரும் அவரோட படகுல போற ரெண்டு பேரும் ரத்தம் கொடுக்க ஓடினாங்க. அந்தப் பொண்ணுதான் அதோ முன்வரிசையில முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கா.

நாம சொல்றது நம்ம அட்டையோட நிக்கிறதில்லை. 2008-லேருந்து நம்ம மாநிலத்துல கர்ப்பிணிகளைக் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு, குழந்தை வரைக்கும் தொடர்ந்து கவனிக்கிறாங்க. பிக்மி நம்பர்னு நாம சொல்றோமே, அதான். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் சத்துப் பெட்டகமுமா 18,000 ரூபாய் வரணும்னா அந்த நம்பர் வேணும். பணத்துக்காகவாவது நாம பதியறோம், நல்லதுதான்! ஆனா என் பொய்யும் சேர்ந்துதான் அதுல ஏறியிருக்கு.

இன்னொரு கணக்கு இருக்கு. தேசிய குடும்ப நல ஆய்வு. அதுல வீடு வீடா வந்து விரல்ல குத்தி ரத்தம் பார்க்கிறாங்க. வாய்ப்பேச்சு செல்லாது. 2015-16ல தமிழ்நாட்டுல கர்ப்பிணிகள்ல நூத்துக்கு 44.4 பேருக்கு ரத்தசோகை. 2019-21ல 48.3. குறையலை, ஏறியிருக்கு. அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்கு 50.7 இருந்தது 57.4 ஆயிடுச்சு. இத்தனைக்கும் பிரசவம் நூத்துக்கு 99-க்கு மேல ஆஸ்பத்திரியிலதான் நடக்குது.

பெருமைப்பட வேண்டியதும் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. 2001-03ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20ல அது 54. ஒரு தாய் இறந்தா ஏன் இறந்தான்னு வீட்டுக்கே வந்து விசாரிக்கிற வழக்கம் நம்ம மாநிலத்துல ரொம்ப நாளா இருக்கு. எங்கே தாமதம் ஆச்சு, வண்டி வந்துச்சா, ரத்தம் கிடைச்சுதான்னு கேப்பாங்க. ஆனா என்னை மாதிரி பொழைச்சு வந்தவளை யார் கேக்கப் போறாங்க?

ஒரு குறையும் சொல்லணும். அந்த ஆய்வுல ஒரு மாவட்டத்துக்கு ஒரே வரி. நெட்டுக்குப்பத்துக்குன்னு தனி வரி கிடையாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்துல படிஞ்சப்ப, வலை, படகு எல்லாம் கறுப்பாச்சு. பிடிச்ச மீனையும் வாங்க ஆள் இல்லை. குழம்பு வச்ச வீட்டுல வெறும் ரசம். அந்த நேரத்துல வயித்துல புள்ளையோட இருந்தவங்களுக்கு ரத்தம் எவ்வளவு இறங்குச்சு? அதை நம்ம குப்பத்துக்குன்னு எடுத்துப் பார்க்க ஒரு கணக்கு நம்ம கையில இல்லை.

அதனாலதான் எங்க குழுவுல ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டோம். யாருக்கு எத்தனாவது மாசம், ரத்தம் எவ்வளவு, மாத்திரை நிஜமா உள்ள போகுதா, இவ்வளவுதான். கடன் நோட்டு எழுதத் தெரிஞ்ச நமக்கு இது எழுத வராதா? முதல்ல ஒரு தங்கச்சி, "குமட்டுதுக்கா, தூக்கிப் போட்டுட்டேன்"னு அழுதா. நான் திட்டலை, என்னால எப்படித் திட்ட முடியும்? ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் போடு, கூட எலுமிச்சைச் சாறு குடி, டீ மட்டும் வேண்டாம், டீ சத்தை உடம்புல சேர விடாதுன்னு நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். அதுவும் ஒத்துக்கலைன்னா ஊசி வழியா இரும்புச் சத்து ஏத்துறாங்க. ஆனா முழுங்கலைன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னாத்தானே அதுக்கு வழி பண்ணுவாங்க? அவளைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வச்சேன்.

ஊர் முழுக்கப் பேர் தெரியுமேன்னு சில வீட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. அது நியாயம்தான். அதனால பேர் எழுதறதில்லை, நம்பர்தான். நோட்டு குழுத் தலைவி பொட்டியில பூட்டி இருக்கும்.

மத்தக் குழுக்களும் இதைப் போடணும்னு கேட்டுக்கிறேன். எங்க நோட்டைக் கொண்டு வந்திருக்கேன். இப்ப டீ வரும், மாசமா இருக்கிறவங்க மட்டும் மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. மத்தவங்க வந்து நோட்டுல கோடு எப்படிப் போட்டிருக்கோம்னு பார்த்துட்டுப் போங்க.