தங்கவயலில் எங்கள் தெரு

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில், 'அக்கம்பக்கம்' என்ற தலைப்பில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பெருநகரத்தில் அக்கம்பக்கம் என்பதைப் பற்றி இருபது நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தோராவது நிமிஷத்தில் காபி வந்துவிடும் என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். நான் பெங்களூருக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் அக்கம்பக்கம் என்றதும் என் மனசு போய் நிற்கிற இடம் கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டை. அதனால் அங்கிருந்து ஆரம்பித்து இங்கே வந்து சேருகிறேன்.

2018லும் 2022லும் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு என் பேரன், "தாத்தா, நீ அந்த ஊரா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் படத்தில் வருகிற ஊரை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் பஜனை இருந்தது, நவராத்திரிக்குக் கொலு இருந்தது, கோலிகுண்டு இருந்தது. துப்பாக்கி மட்டும் கிடையாது. இன்னொரு தொல்லையும் உண்டு. தங்கவயல் சம்பந்தம் என்றால் பெண்ணுக்கு நூறு சவரன் போடுவார்கள் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர் நினைத்துக்கொள்வார்கள். வெட்டியெடுத்த தங்கம் காவலோடு நேரே வெளியூர் போய்விடும். என் அக்கா கல்யாணத்துக்கு அப்பா பிராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கி, மற்ற ஊர்க்காரர்களைப் போலவே கடையில்தான் நகை வாங்கினார்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்தில் சுரங்கங்கள் வளர்ந்தன. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலாகாட் என்று வரிசையாகச் சுரங்கங்கள். 1902ல் காவேரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905ல்தான். இன்று இங்கே கரண்ட் போனால் ஐந்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் சண்டை போடுகிறோமே, நம் பெங்களூரைவிட மூன்று வருஷம் மூத்த மின்சாரம் எங்களுடையது. குடிதண்ணீர் பேத்தமங்கலா ஏரியிலிருந்து வந்தது. அது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்க்காரர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கும் அதே ஆறுதான். மேலே இருக்கும் தண்ணீரை முதலில் நாங்கள் குடித்தோம், அவ்வளவே.

சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த ஏழை ஜனங்கள். அநேகமாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடம் அது. அவர்கள் குடியிருந்தது 'லைன்' என்று சொல்லப்படுகிற வரிசை வீடுகளில். துரைமார்களுக்குத் தோட்டமும் பங்களாவும். நம்மவர்கள் கணக்குப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், டாக்டர், வக்கீல், புரோகிதர் என்று நடுவில் ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் இருந்தோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கன்னடம், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து வரும் கேக்கில் முட்டை இருக்கும் என்று பாட்டி தொடமாட்டாள். நாங்கள் தொட்டோமா இல்லையா என்பதை இந்தச் சபையில் சொல்வதாக இல்லை.

எங்கள் தெருவுக்குக் கடிகாரம் தேவையில்லை. ஷிஃப்ட் மாறும்போது மைன்ஸ் சங்கு ஊதும். காலைச் சங்குக்கு அம்மா அடுப்பு மூட்டுவாள், மத்தியானச் சங்குக்குப் பாட்டி பலகாரம் முடித்துப் படுப்பாள், ராத்திரிச் சங்கு ஊதினால் நாங்கள் புத்தகத்தை மூடலாம். பூமிக்கு அடியில் இறங்குகிறவனுக்காக ஊதிய சங்கு அது. எங்களுக்கு அது காபிக்கும் தூக்கத்துக்கும் ஊதியதாகவே தோன்றியது.

இன்னொரு சத்தமும் உண்டு. முன்னறிவிப்பில்லாமல் வீடு ஒரு குலுக்குக் குலுங்கும். பரணில் வெண்கலப் பானைகள் ஒன்றோடொன்று மோதும். ஊர் வழக்கில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். ஆழத்தில் பாறையை வெட்டி எடுக்க எடுக்க, மிச்சமிருக்கிற பாறை பாரம் தாங்காமல் வெடித்துச் சிதறும். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்பார்கள். மேலே எங்களுக்கு ஒரு குலுக்கலோடு போயிற்று. பாட்டி, "பானை விழுந்துடுத்தா பார்" என்பாள். லைன் பக்கத்தில் அந்த நேரம் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அப்பாவுக்கு வருகைப் பதிவு எழுதுகிற ஆபீஸில் வேலை. அடியில் இறங்குகிறவர்களின் பெயர், நம்பர், ஷிஃப்ட் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். நூற்றுக்கணக்கான பெயர் அவருக்கு மனப்பாடம். ஆனால் தெருவில் எதிரே வந்தால் யார் எந்தப் பெயர் என்று தெரியாது. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் நேர் எதிர். முகம் தெரியும், பெயர் தெரியாது.

நான் இன்று சொல்ல வந்தது அப்படி ஒரு முகத்தைப் பற்றி. அறுபதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். லீவு நாளில் எங்கள் கொல்லையில் விறகு பிளக்க ஒருவர் வருவார். மைன்ஸில் அண்டர்கிரவுண்ட் தொழிலாளி. மேல்வருமானத்துக்கு இந்த வேலை. எங்களுக்கு அவர் 'விறகுக்காரர்'. கிணற்றடிச் சுவரின்மேல் அவருக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மா மேலே தூக்கி மோர் விடுவாள். குடித்துவிட்டு அவரே அலம்பி அதே இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குழந்தைகளான எங்களுக்கும்தான்.

ஒரு ராத்திரி பானை உருண்டது. அப்பாவுக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போனார்கள். மறுநாள் மத்தியானம் வந்து, ஸ்நானம் பண்ணிவிட்டு, சாப்பிட உட்காராமல் ஒரு பெயரைச் சொன்னார். அம்மா, "யார் அது?" என்றாள். "நம்மாத்துக்கு விறகு பிளக்க வருவாரே, அவர்தான். நேத்திக்கு அவர் நம்பரை நான்தான் எழுதினேன்" என்றார். இரண்டு வருஷம் எங்கள் கொல்லைக்கு வந்தவரின் பெயரை அன்றைக்குத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவர் குடும்பத்தார் இருக்கிறார்கள். அதனால் பெயரை இங்கே சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அம்மா கொஞ்சம் அரிசி, பருப்பு, ஒரு புடவை எடுத்துக்கொண்டு, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு லைனுக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷ நடை. அதற்கு முன்னால் அம்மா அங்கே போனதே இல்லை. தட்டிச் சுவர், தலை இடிக்கிற கூரை, ஒரே அறை. அந்தம்மா பாயை உதறிப் போட்டாள். அம்மா உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வெயிலில் நடந்து வந்தது அம்மாவுக்கு நாக்கு வறண்டிருக்க வேண்டும். அந்தம்மா அதைப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த பானைப் பக்கம் பாதி எழுந்து, அப்படியே நின்றுவிட்டாள். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து காசு அவிழ்த்துப் பையன் கையில் கொடுத்து, கடையில் கோலி சோடா வாங்கி வரச் சொன்னாள்.

புருஷன் போய்ப் பத்து நாள் ஆகியிருக்கிறது. தன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி ஐயர் வீட்டு அம்மாவைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று சோடாவுக்குக் காசு அவிழ்க்கிறாள். அம்மா அந்தச் சோடாவைக் குடித்தாள். திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடி டம்ளரை எடுத்து எங்கேயோ போட்டுவிட்டாள். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து, உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோதுகூட, "அன்னிக்கு ஜலம் கொடுன்னு நானே வாய்விட்டுக் கேட்டிருக்கணும்டா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் எழுபதுகளில் பாங்கு வேலை கிடைத்துப் பெங்களூர் வந்தேன். சுரங்கம் 1956ல் மைசூர் அரசாங்கத்திடமும், 1962ல் மத்திய அரசிடமும் போய், 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆயிற்று. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று நான்கு கிராமுக்கு வந்துவிட்டது. எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டியது. 120 வருஷத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்த இடத்தை 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிவிட்டார்கள். சங்கு நின்றது. சயனைடு மேடுகள் மிச்சம். காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூசு இன்றும் லைன் வீடுகளுக்குள் வந்து படிகிறது. நுரையீரலில் கல்தூசு படிந்து இருமிக்கொண்டே காலத்தைக் கழித்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இனி நம் பெங்களூருக்கு வருகிறேன். எங்கள் அபார்ட்மென்டில் இருநூறு வீடுகள். பக்கத்து ஃப்ளாட்காரர் பெயர் எனக்கு லிஃப்டில் ஒட்டியிருக்கும் மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலிலிருந்துதான் தெரியும். போன வருஷம் கேட்டில் புதிதாக ஒரு செக்யூரிட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும். தமிழில் பேசினார். எந்த ஊர் என்று கேட்டேன்.

"கேஜிஎஃப் சார். சாம்பியன் லைனு. எங்கப்பா மைன்ஸ்ல இருந்தாரு. மூடறப்ப நான் பள்ளிக்கூடம்."

"தினமும் அங்கிருந்தா வரே?"

"நம்மூர்ல பாதி பேரு அப்படித்தான் சார். விடியறதுக்கு முன்னால மாரிக்குப்பத்துல ரயில் ஏறினா, பங்காருப்பேட்டை வழியா கேஆர் புரத்துல எறங்கிடலாம்."

ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். நடுவில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. வேறு கட்டடங்களில் தோட்டவேலை, கட்டட வேலை, மால்களில் துப்புரவு வேலை என்று அந்த ரயிலில் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். நான் நிம்மதியாகத் தூங்குவதற்கு ஆதாரமான மனிதர் இன்றைக்கும் அதே லைனிலிருந்துதான் வருகிறார். தூரம் மட்டும் பதினைந்து நிமிஷ நடையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது.

சாயங்காலம் மாற்று ஆள் தாமதமாக வந்தால் அவருக்கு ரயில் போய்விடும். அப்புறம் பஸ் பிடித்து வீடு சேரப் பாதி ராத்திரி. இல்லாவிட்டால் பேஸ்மென்டில் கார்களுக்கு நடுவே அட்டை விரித்துப் படுக்கை. இதைக் கமிட்டியில் எடுத்தேன். "அது ஏஜென்சி விவகாரம், நாம் தலையிட முடியாது" என்றார்கள். மூன்று கூட்டம் ஆயிற்று. கடைசியில் டியூட்டி மாறும் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். மாற்று ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. உங்கள் உங்கள் கமிட்டியிலும் வேலைக்கு வருகிறவர்கள் எந்த ரயிலில் வருகிறார்கள், எந்த ரயிலில் போக வேண்டும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்னைத் திட்டியது போல உங்களையும் திட்டுவார்கள், பரவாயில்லை.

இதில் என் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் காபி போட்டால் அவருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமாயிற்று. பேப்பர் கப்பில். அது சௌகரியம், ஹைஜீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆத்துக்கு வந்த சம்பந்திக்கு வெள்ளி டவரா, எனக்கு எவர்சில்வர், கேட்டுக்கு மட்டும் பேப்பர் கப் என்று ஒரே தட்டில் வரிசையாகப் பார்த்தேன். கிணற்றடிச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. அலுமினிய டம்ளரையாவது அம்மா அலம்பி எடுத்துவைக்கச் சொன்னாள். நான் குடித்ததும் தூக்கிப்போடச் சொல்கிறேன்.

மறுநாள் எவர்சில்வர் டவரா டம்ளரில் நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தேன். வாங்கி, விளிம்பைப் பிடித்து, இரண்டு கையும் மாற்றி மாற்றி, "ரொம்பச் சுடுது சார், பேப்பர் கப்பே தேவலை" என்றார். இருவருமாகச் சிரித்தோம். அப்புறம் அவரே ஆற்றி, நிதானமாகக் குடித்துவிட்டு, மணியைப் பார்த்தார்.

செயலாளர் கையைக் காட்டுகிறார். காபி வந்துவிட்டது போலிருக்கிறது.