பந்தடிக்கக் கற்பித்தல்



அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் முறை பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் நகைக்கலாம். கற்பிக்கும் கலையைப் பயின்ற எவரும் இதில் ஆர்வம் கொள்ளாதிருத்தல் அரிது.

பெரியோர் ஆட்டத்தில் பந்தெறியும் இடத்திற்கும் அடிக்கும் இடத்திற்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் அடிப்பதா விடுவதா என்று துணிந்து, உருண்ட மட்டையால் உருண்ட பந்தைச் சந்தித்தல் வேண்டும். சாஃப்ட்பாலில் பந்து பெரியது. கையைக் கீழ்ப்புறமாகச் சுழற்றி எறியப்படுவது. ஆகவே எளிதென்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்தில் தூரம் 43 அடியே. கிடைக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏழு வயதுப் பிள்ளையை விரைந்து வரும் பந்தின் முன் நிறுத்தினால் என்ன நிகழும்? மேலே பட்டுவிடுமோ என்று முன்கால் விலகும், தலை திரும்பும், கண் பந்தை இழக்கும். "பந்தைப் பார், பந்தைப் பார்" என்று கூவிப் பயனில்லை. நோய் கண்ணில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது. ஆதலின் நல்ல பயிற்சியாளர் முதலில் பந்தை ஒரு குட்டைக் கம்பத்தின்மீது அசையாமல் வைக்கிறார். டீ-பால் என்பது இதுவே. இடுப்பு முதலில் திரும்ப, கைகள் பின்தொடர்ந்து வீசப் பழகியபின், பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கிப் போடுகிறார். எதிரிலிருந்து எறிவது அதற்கும் பின்னரே. அதுவும் மெத்தென்ற பந்தாக. ஒரு வேளையில் ஒரு கடினம் என்று நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்த விதி இங்கும் செல்லுபடியாகிறது.

மட்டை கனமாயிருத்தல் கூடாது. வளர்ந்தபின் உதவுமென்று தொளதொளத்த சட்டை தைப்பது போலப் பெரிய மட்டை வாங்கித் தரும் பெற்றோர் எந்நாட்டிலும் இருப்பர்.

எந்தப் பந்தை விடுவது என்பதும் பாடமே. டெட் வில்லியம்ஸ் என்னும் பேராட்டக்காரர், தாம் அடிக்கவேண்டிய எல்லையை 77 பந்துகளாகப் படத்தில் நிரப்பிக் காட்டினார். நடுவே வருவனவற்றை அடித்தால் ஆயிரத்துக்கு 400 தேறும். வெளிப்புறத் தாழ்ந்த மூலையில் 230 மட்டுமே என்பது அவர் மதிப்பீடு.

1941ஆம் ஆண்டில் அவரே ஆயிரத்துக்கு 406 என்ற விகிதம் எய்தினார். அதன்பின் அமெரிக்கன், நேஷனல் என்னும் இரு லீகுகளிலும் எவரும் 400ஐ எட்டவில்லை. அவ்வாண்டு கணக்கில் கொள்ளப்பட்ட 456 முறைகளில் அவர் அடி தேறியது 185, தேறாதது 271. இக்கணக்கைப் பயிற்சியாளர் முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவிடுதல் நலம். வேலிக்கு வெளியே நின்று கூச்சலிடும் தந்தைக்கு அதனினும் முன்பாக.