கன்னத்தில் சிவப்புக் கோடுகள்
(வெள்ளறடை அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



அறுபது கடந்த மாமிகள் சிலர், கன்னத்திலும் மூக்கோரத்திலும் நூல் போன்ற சிவப்புக் கோடுகளைக் காட்டி, என்ன பூசலாம் என்று கேட்கிறார்கள். நரம்பு என்கிறோம், உண்மையில் விரிந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள். வயதும் வெயிலும் முக்கிய காரணம். எந்தக் கிரீமும் அவற்றைப் போக்காது. லேசர் சிகிச்சையால் குறைக்கலாம்.

முகம் வெளுக்குமென்று பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளை மாதக்கணக்கில் பூசினால், தோல் மெலிந்து குழாய்கள் மேலும் விரியும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கத் தடை செய்தது. ஏற்கெனவே பூசுகிறவர்கள் தாமே திடீரென்று நிறுத்த வேண்டாம். சிவப்பும் எரிச்சலும் கூடும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவில் காட்டுங்கள்.

ஆவி பிடிப்பதும் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், கோவிலுக்குப் போகையிலும் குடை. தினப்படிக்கு இவை போதும்.