புது மீட்டர் யார் பொறுப்பு?
மும்பை மின்சார வழக்கு தரும் பாடம்

(மின்சாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

புதிதாக வீடு கட்டியவர் மின்சாரம் கேட்கிறார். கொடுக்க வேண்டியது யார்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. வினியோகம் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மும்பைப் புறநகரிலோ ஒரே தெருவுக்கு இரண்டு கம்பெனிகளிடம் லைசென்ஸ் இருக்கிறது. சண்டை அங்கிருந்துதான் ஆரம்பம்.

புறநகரில் வீடு வீடாகக் கம்பி இழுத்திருந்தது ரிலையன்ஸ். டாட்டா பெரும்பாலும் மொத்தமாக விற்று வந்தது. சில்லறையாக விற்கவும் டாட்டாவுக்கு உரிமை உண்டு என்று 2008 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இன்னொரு வழியையும் திறந்தது. ரிலையன்ஸ் கம்பியிலேயே டாட்டா மின்சாரத்தை வாங்கிக் கொள்ளலாம் என்றது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? மின்சாரக் கட்டணத்தில் ஒரு கணக்கு உண்டு. கடையும் ஆபீசும் பெரிய பங்களாவும் கூடுதல் விலை கொடுப்பதால்தான் குடிசைக்குக் குறைந்த விலையில் விளக்கு எரிகிறது. அதிகம் கொடுப்பவர் கம்பெனி மாறிப் போனால், அந்தப் பாரம் மிச்சமிருப்பவர் தலையில் விழும். டாட்டா பெரிய வாடிக்கையாளரையே பொறுக்கி எடுக்கிறது என்று புகார் எழுந்தது. 2012 ஆகஸ்டில் ஆணையம் தலையிட்டது. ஓராண்டுக்கு, மாதம் 300 யூனிட் வரை செலவழிக்கும் வீடுகளை மட்டுமே டாட்டா மாற்றிக் கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. அதன்மீதும் அப்பீல் போயிற்று.

ரிலையன்சுக்கு மட்டும் ஏழை மேல் பாசமா? இல்லை தோழர்களே! தன் லாபம் போகிறதே என்ற கவலை அதற்கு.

இரண்டாவது கேள்வி கம்பியைப் பற்றியது. ஒரே தெருவில் இரண்டு கேபிள், இரண்டு டிரான்ஸ்பார்மர் என்றால் அந்தச் செலவு எங்கே போகும்? நம் பில்லுக்குத்தான் வரும். நல்ல கம்பி வலை இருக்கும் இடத்தில் இன்னொன்று வீண் என்று 2014 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் கூறியது. பிறகு 2017இல், புது இணைப்பை எந்தக் கம்பெனியின் வலையிலிருந்து கொடுப்பது என்பதை நேரில் பார்த்து மதிப்பிட ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து ஒன்பது வருஷம் கழித்து!

2018இல் ரிலையன்சின் மும்பைத் தொழிலை அதானி வாங்கியது. சொந்தக்காரர் மாறினார், ஒரே தெருவுக்கு இரண்டு லைசென்ஸ் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இது மும்பைக் கதைதானே என்று இருந்துவிடாதீர்கள். ஒரே கம்பியில் பல கம்பெனிகள் விற்க வழி செய்யும் மசோதா 2022 ஆகஸ்டில் லோக்சபாவுக்கு வந்தது. 2024இல் சபை கலைந்ததும் அது காலாவதியாயிற்று. அந்த எண்ணம் காலாவதியாகவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கம்பி ஒன்றே போதும். கேட்பவர் எவருக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. லைசென்ஸ் வாங்குகிறவர் மாளிகையோடு குடிசையையும் சேர்த்தே ஏற்க வேண்டும். மாளிகை எனக்கு, குடிசை உனக்கு என்ற பங்கீடு கூடாது.

போட்டி வந்தால் விலை குறையும் என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசிக் குடிசைக்கு மீட்டர் மாட்டுவது யார்?