ஒரு மாளிகை, மூன்று முடிவுகள்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த திரைப்பட மாலையில், படம் தொடங்குமுன் பேசியதன் எழுத்து வடிவம்.)



படம் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தேநீரும் சமோசாவும் வந்து சேரவும் அவ்வளவு நேரம் ஆகுமாம். ஆகவே தைரியமாகப் பேசுகிறேன்.

இன்று நாம் பார்க்கப் போவது 'க்ளூ'. 1985-இல் வந்த அமெரிக்கப் படம். கதை நடப்பது 1954-இல். ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகை, இடியும் மழையுமான இரவு, ஒருவரையொருவர் அறியாத ஆறு விருந்தினர்கள், வரவேற்க ஒரு பட்லர். கொலை விழும். ஒன்றல்ல, பல. நாம் வயிறு குலுங்கச் சிரிப்போம். கொலையாளி யார் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, ஏன் என்று பிறகு புரியும்.

நம் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் 'க்ளூடோ' ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் ஒரு மாளிகையின் வரைபடம். 6 பேர், 6 ஆயுதங்கள், 9 அறைகள். யார், எதனால், எங்கே கொன்றார் என்று கண்டுபிடிக்க வேண்டும். 6-ஐ 6-ஆல் பெருக்கி, அதை 9-ஆல் பெருக்குங்கள்: 324 விடைகள். அதில் ஒன்றுதான் உறைக்குள் இருக்கும். படம் பிறந்தது இந்த விளையாட்டிலிருந்துதான்.

விளையாட்டை உருவாக்கியவர் ஆண்டனி பிராட் என்ற ஆங்கிலேயர், பர்மிங்ஹாம்காரர். கிராமப்புற ஓட்டல்களில் பியானோ வாசித்தவர். அங்கே தங்க வந்த விருந்தினர்கள் பொழுதுபோக்காகக் 'கொலை விளையாட்டு' ஆடுவார்கள். ஒருவர் செத்தது போல விழுவார், மற்றவர்கள் துப்புத் துலக்குவார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. விருந்துகள் போயின, தெருவிளக்குகள் அணைந்தன. பிராட் பீரங்கி வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டில் அடைந்து கிடந்த இரவுகளில், அந்தப் பழைய மாளிகை மாலைகளை ஓர் அட்டைக்குள் கொண்டுவந்தார். அட்டையில் அறைகளை வரைந்தவர் அவர் மனைவி எல்வா. 1944-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். போருக்குப் பின் நிலவிய தட்டுப்பாட்டால் விளையாட்டு கடைக்கு வந்தது 1949-இல்தான். உண்மையான சாவு நாள்தோறும் செய்தியில் வந்த காலத்தில், யாரையும் வலிக்கச் செய்யாத ஒரு சாவை வைத்து விளையாட்டு செய்திருக்கிறார்கள். நாம் இன்று சிரிக்கப் போவதும் அதே தெம்பில்தான்.

இனி படம். இயக்கியவர் ஜோனதன் லின். 'எஸ் மினிஸ்டர்' தொடரை ஆண்டனி ஜேயுடன் சேர்ந்து எழுதியவர் என்றால் நம்மில் மூத்தவர்களுக்கு உடனே முகம் மலரும். பட்லர் வாட்ஸ்வொர்த்தாக டிம் கறி. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி: வாசலில் காவல் நாய்களுக்கு எலும்பு போடப் போகும் பட்லர், நாய் அசிங்கத்தை மிதித்துவிடுவார். பிறகு மாளிகைக்குள் யார் அருகில் வந்தாலும் மூக்கைச் சுருக்கித் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். நம் பூங்காவில் காலை நடை போகும் எல்லோருக்கும் இந்தக் காட்சி சமர்ப்பணம்.

இன்னொரு காட்சியைக் கவனியுங்கள். வீட்டுக்குள் பிணங்கள் கிடக்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டுவார். விருந்தினர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பிணங்களை நாற்காலியில் சாய்த்து, கட்டிப்பிடித்து, விருந்து களைகட்டியிருப்பதாக நடிப்பார்கள். 'நம் வீட்டு விஷயம் வெளியே தெரியக் கூடாது' என்ற ஒரே கவலைதான் அவர்களுக்கு. கொலைக்குச் சிரிக்கிறோம் என்று நினைப்போம். உண்மையில் மானம் காக்கப் படும் பாட்டுக்குத்தான் சிரிக்கிறோம்.

சரி, கொலையாளியைச் சொன்னாலும் பயனில்லை என்றேனே, அதற்கு வருகிறேன். இந்தப் படத்துக்கு மூன்று முடிவுகள். வெளியானபோது ஒவ்வொரு தியேட்டருக்கும் ஏதாவது ஒரு முடிவைத்தான் அனுப்பினார்கள். மக்கள் மூன்றையும் பார்க்க மூன்று முறை டிக்கெட் வாங்குவார்கள் என்று கணக்கு. கணக்கு பொய்த்தது, படம் ஓடவில்லை. பிறகு வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டியபோதுதான் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்று நீங்கள் பார்க்கப் போவதும் அப்படித்தான்.

முடிவு வரை படம் ஒன்றேதான். அதே அறைகள், அதே ஆட்கள், அதே சாவுகள். பிறகு எப்படி மூன்று விதமாகப் பழியைப் போட முடிகிறது? சூட்சுமம் எளிது. நடுவில் விளக்கு அணைகிறது. விருந்தினர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து மாளிகையைத் தேடுகிறார்கள். யார் எந்த நிமிடம் எங்கே இருந்தார் என்பதில் இடைவெளி விழுகிறது. நாம் பார்க்காத அந்த இடைவெளியை ஒவ்வொரு முடிவும் தனக்கு வேண்டிய கதையால் நிரப்பிக்கொள்கிறது. கேட்கும்போது மூன்றுமே 'அட, ஆமாம்' என்றுதான் தோன்றும்.

இங்கேதான் எனக்கு நம் வாட்ஸ்அப் குழு நினைவுக்கு வருகிறது. சிரிக்கிறீர்கள். எந்தக் குடியிருப்பிலும் நடப்பதுதான். வாசலில் வைத்த பார்சலைக் காணோம் என்று இரவு 9 மணிக்கு ஒருவர் எழுதுகிறார். 9:30-க்குள் மூன்று முடிவுகள் தயார். முதல் முடிவு: இரவுக் காவலாளி. இரண்டாம் முடிவு: டெலிவரி பையன். மூன்றாம் முடிவு: வீட்டு வேலைக்கு வரும் அம்மா. நாலாவதாக ஒரு முடிவும் உண்டு, பக்கத்து பிளாக்கில் அதே எண் கொண்ட வீட்டுக்காரர் தவறுதலாக வாங்கி வைத்திருப்பது. அது மறுநாள் மதியம்தான் வரும். அதற்குள் யாரோ ஒரு அம்மாவின் பையை வாசலில் எல்லோர் முன்னாலும் திறந்து பார்த்திருப்பார்கள்.

துப்பறியும் கதை எழுதுவோருக்கென்று 1928-இல் எஸ். எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 20 விதிகளை வகுத்தார். அவற்றில் ஒன்று, வீட்டு வேலையாளைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பது. இரக்கத்தால் சொன்னதல்ல. அது மிகச் சுலபமான விடை, வாசகரை ஏமாற்றும் வேலை என்று அவர் கருதினார். கற்பனைக் கதையிலேயே சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிய விடை, நம் குழுவில் முதல் விடையாக வருகிறது.

படம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். முடிவுகள் தொடங்குமுன் 6 பேர் செத்திருப்பார்கள். ஒருவர் மிரட்டிப் பணம் பறிப்பவர். மற்ற ஐவர் யார்? சமையல்காரி, பணிப்பெண், கார் ஓட்டி வந்தவர், போலீஸ்காரர், வாசலில் பாடி வாழ்த்துச் செய்தி சொல்ல வந்த பெண். அவர்களும் பரிசுத்தர்கள் அல்ல, விருந்தினர்களின் ரகசியம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் கர்னல், பேராசிரியர் என்று பட்டத்தோடு வந்த 6 விருந்தினர்கள் மேல் ஒரு கீறல் கூட விழாது. மாளிகையில் ரகசியம் இருப்பது பெரியவர்களுக்கு. விலை கொடுப்பது கதவைத் தட்டி வந்தவர்கள். இதைக் கவனித்த பிறகும் சிரிப்பு வரும். ஆனால் சிரித்துவிட்டு ஒரு நொடி நிற்போம்.

அதனால் நிர்வாகக் குழுவுக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் பேசுங்கள்.

ஒன்று: பொருள் காணாமல் போனால் குழுவில் 'காணோம்' என்று மட்டும் எழுதுவோம். யார் பெயரும், யார் படமும் வேண்டாம்.

இரண்டு: வாசல் பதிவேட்டையும் கேமரா பதிவையும் நிர்வாகக் குழுவில் இருவர் சேர்ந்து பார்க்கட்டும். கேட்க வேண்டியவரைத் தனியே, மரியாதையாகக் கேட்கட்டும். பை திறக்க வேண்டுமென்றால் எல்லோர் பையும் திறக்கட்டும், என் பையும் சேர்த்து.

மூன்று: பொருள் கிடைத்துவிட்டால், சந்தேகம் எழுந்த அதே இடத்தில் அதையும் சொல்வோம். எல்லோர் முன்னாலும் பழி, காதோடு காதாக மன்னிப்பு என்பது கணக்கில் நேராகாது.

இயக்குநருக்கு மூன்று முடிவு எடுக்க வசதி இருந்தது. ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்ததைப் போடலாம். நம் வாசலில் தலைகுனிந்து நின்ற ஒருவருக்கு அந்த மாலையைத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியாது.

சமோசா வந்துவிட்டது, வாசனை வருகிறது. கடைசி வரிசைக்கும் தட்டுப் போகட்டும். படத்தில் விளக்கு அணைந்தால் ஆபத்து. இங்கே படம் தெரிய அணைத்துத்தான் ஆக வேண்டும். செருப்பை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.